துளசித் தொட்டியில் வெடிமருந்து

மும்பை லோக்கல் ரயில் சயான் ஸ்டேஷனை விட்டு நகர்ந்ததும், லேடீஸ் பெட்டியில் எனக்கு முன்னால் நின்றிருந்த ஒரு மருமகள் தன் மாமியாரைக் கேட்டாள்:

"அம்மா, போன மாசம் ஃப்ரிட்ஜ் மேல வெச்சேனே, அந்த வெடிமருந்து டப்பா எங்கே?"

தமிழ் தெரிந்த நாலைந்து தலைகள் திரும்பின.

"அதுல வெறும் மண்ணுன்னா இருந்தது! அன்னிக்கே துளசித் தொட்டியில கொட்டிட்டேன்."

"ஐயோ! பழைய வெடிமருந்து பாக்டரி மண்ணும்மா அது. பாக்டீரியா அந்த மருந்தைத் தின்னு மண்ணைச் சுத்தம் பண்றதான்னு எங்க லாப்ல பாத்துண்டிருக்கோம்."

"தெனம் பக்கத்துலயே விளக்கு ஏத்தறேன். வெடிக்கலையே?"

"வெடிக்காதும்மா. ஆனா விஷம், செடி பட்டுப்போயிடும்."

"பட்டுப்போறதாவது! புதுசா துளிர் விட்டிருக்கு."

மருமகள் குதிக்காத குறைதான். "அப்போ தின்னுடுத்தும்மா! ஆத்துக்குப் போனதும் அந்த மண்ணைத் தோண்டி லாபுக்கு எடுத்துண்டு போறேன்."

மாட்டுங்கா வந்துவிட்டது. மாமியார் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா துளசியில கை வெக்காதே. நாளைக்குத் தோண்டு. சாப்பிடறவாளைப் பாதியில எழுப்பலாமோ?"