விளக்கின் கீழ் எடை குறைந்த தாள்கள்

வாக்குமூலம் அளிப்பவர்: குமரேசன், வயது 27, த/பெ கந்தசாமி (காலம் சென்றவர்), புதுக்காமூர் சாலை, ஆரணி.
நாள்: 22-1-2007. பதிவு செய்பவர்: ஜெயவேல், உதவி ஆய்வாளர்.

நான் மேற்கண்ட முகவரியைச் சேர்ந்தவன். எங்களுடையது பட்டு நெசவுக் குடும்பம். பிளஸ் டூ முடித்து, இரண்டு வருடமாகச் சென்னையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். விடுமுறைக்கு மட்டும் ஆரணிக்கு வந்து தாயார் சின்னம்மாளுடன் தங்குவேன்.

வடசென்னையில் ஒரு தொழிற்சாலையின் கொதிகலனும் ஜெனரேட்டரும் விடும் புகையால் மூச்சுத் திணறுவதாக அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் சென்றிருந்தார்கள். அங்கே காற்றில் நுண்தூசி எவ்வளவு என்று அளக்கும் வேலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அதன்படி சென்ற நவம்பரில் ஒரு பள்ளிக்கூட மொட்டை மாடியில் இரண்டு கருவிகளை அடுத்தடுத்து வைத்தோம். கருவி ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுக்கும். உள்ளே இருக்கும் வெள்ளை வட்டத் தாளில் தூசி படியும். தாளை முன்னும் பின்னும் எடை போட்டால் தூசியின் எடை தெரிந்துவிடும். ஒரு கருவியின் தாள்களை நானும், மற்றதன் தாள்களை என்னுடன் வேலை பார்க்கும் ஹேமநாத்தும் எடை போட்டோம்.

அதன் பிறகு டிசம்பர் முழுவதும் என் தாள்களின் எடை அவருடையதைவிடக் கால் பங்கு குறைவாகவே வந்தது. எங்கள் மேலாளர் ரேணுகாதேவி கருவிகளை இடம் மாற்றிப் பார்த்தார். அப்போதும் என் எடைதான் குறைந்தது. அதன் பிறகு அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பன்னீர்செல்வம், நான் தொழிற்சாலையிடம் கைநீட்டிப் பணம் வாங்கிக்கொண்டு தாளிலிருந்து தூசியைத் தட்டிவிட்டதாகப் புகார் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் மனைவி இன்ஹேலர் இல்லாமல் இரண்டு படி ஏறமாட்டார் என்பதையும் நேரில் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்தில் என் எடை நிலைத்தால் தொழிற்சாலை தப்பிக்கும், என்மேல் குற்றம் உறுதியானால் நான் ஜெயிலுக்குப் போவேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

17-1-2007 காலை பதினோரு மணிக்குத் தாங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். விவரம் சொல்வதற்காக ரேணுகாதேவி மேடமும் உடன் வந்தார். என்னைத் திருடன் என்ற பேச்சு வந்ததும் என் தாயார் தறியை விட்டு எழுந்துவந்து, "இன்னா சார் பேசினுகிறீங்க? அனல்ல காட்டாம எம்புள்ள ஒரு துரும்பத் தராசுல வெக்க மாட்டான். அப்படி வளத்தவ நானு" என்றார்.

இதை விளக்க வேண்டியிருக்கிறது. பட்டு, ஈரத்தைக் குடித்தால் கனக்கும். பல வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் என் தகப்பனார் நெய்து கொடுத்த புடவையை, தண்ணீர் தெளித்து எடை ஏற்றியதாகச் சொல்லி வியாபாரி கடைக்காரர்கள் நடுவில் தூக்கிப் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் கரி அடுப்பு அனலில் காட்டிவிட்டுத்தான் எடை போடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது மாதிரி. அதை யாரும் வெளியில் எடுத்துச் சொல்வதில்லை.

மேடம் உடனே, "குமரேசன், அந்தத் தாளையுமா காட்டினீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம். டேபிள் லேம்ப்புக்குக் கீழ அரை மணி நேரம். பனியில ஊறிக்கினு வந்துச்சுங்களே, ஈரத்தோட எடை போட்டாத் திருட்டாச்சே" என்றேன்.

மேடம் தறி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னது: வண்டியும் ஜெனரேட்டரும் கொதிகலனும் கரியை மட்டும் கக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வாயுக்களையும் கக்குகின்றன. அவை காற்றிலேயே மாறி, சாக்கடையிலிருந்தும் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து உப்புத் தூசியாகின்றன. அதில் ஒரு வகை, குளிர்ந்த காலையில் உருவாகும், சூடு பட்டால் மறுபடி வாயுவாகிப் பறந்துவிடும். ஈரம் போக, தாளை ஆய்வுக்கூடத்தில் ஈரம் உறிஞ்சும் கண்ணாடிப் பேழையில் ஒரு நாள் வைத்தாலே போதும். நான் ஈரத்தை விரட்டுவதாக நினைத்து, பன்னீர்செல்வத்தின் மனைவிக்கு மூச்சடைக்கும் தூசியையே விரட்டியிருக்கிறேன். இதைக் கேட்டு வெட்கப்பட்டேன். அதைவிட அதிகமாக, நான் திருடவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்ததில் நிம்மதி அடைந்தேன்.

அதன் பிறகு 19-1-2007 அன்று ஆய்வுக்கூடத்தில், பன்னீர்செல்வமும் ஹேமநாத்தும் பார்த்திருக்க, புதிதாகத் தூசி பிடித்த தாள் ஒன்றை எடை போட்டோம். தூசி 2.4 மில்லிகிராம். விளக்கின் கீழ் அரை மணி வைத்த பிறகு 1.8 தான் இருந்தது. மேலும் ஐந்து தாள்களும் ஏறக்குறைய அப்படியே குறைந்தன. ஹேமநாத்தின் எடைகளே நீதிமன்றத்துக்குப் போகும் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். மேடம் சொன்ன விளக்கத்தையும் கேட்ட பன்னீர்செல்வம் என் கையைப் பிடித்து, "தப்பா நெனச்சுட்டேன்பா. எங்க தெருவுல புகை இல்லாத நாள்லகூட எம் பொண்டாட்டி ஏன் மூச்சு இழுத்துக்கினு கெடந்தான்னு இப்பத்தான் புரியுது" என்றார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எனக்கும் வேலை போகவில்லை. அன்று மத்தியானம் இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிட்டேன்.

மேலே கண்டவற்றை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) குமரேசன்

குறிப்பு: கையெழுத்தின் மை காய்வதற்காக ஏட்டு சிவப்பிரகாசம் தாளை மேசை விளக்கின் அருகே கொண்டுபோனபோது, "வேணாம் சார், அது தானாவே காயட்டும்" என்று மேற்படியார் கேட்டுக்கொண்டார். அவ்வாறே காய விடப்பட்டது.

(ஒப்பம்) ஜெயவேல், உ.ஆ.