பேரெழுதாத டோக்கன்

இரவு ஏழரை மணி... அதற்குள்ளேயே அந்தச் சாலையில் ஈ காக்கை கிடையாது. ஒரு பக்கம் கிடங்குச் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை. நடுவில் ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். டயரில் காற்று இருக்கிறது. செயின் சரியாக இருக்கிறது. ஏறி மிதிக்கத்தான் மனசு வரவில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு சாத்தித்தான் இருக்கிறது, சும்மா திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அவர் என் சிநேகிதனுடைய தங்கை புருஷன். ஒரு பெரிய லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் சாயங்காலம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ராத்திரியெல்லாம் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, விடிவதற்குள் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். எந்த மூட்டை முதலில், எந்த மெஷினில் யார் என்று பிரித்துக் கொடுப்பது இவர். எல்லோரும் டூட்டி சார் என்பார்கள். பேர்தான் சார். வண்டி கிளம்பும்வரை அங்கிருந்து ஒரு அடி நகர முடியாது.

அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். வீட்டில் துணைக்கு ஒரு ஆள் இல்லை. கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"இன்னிக்காவது சீக்கிரம் வந்துடுங்க. ராத்திரி தனியா இருக்க பயமா இருக்கு."

"வந்துடறேம்மா."

அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

லீவு கேட்காமல் இல்லை. முதலாளியிடம் கெஞ்சினார். கை கூப்பினார். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் இடத்துல ஒரு ஆளை வச்சுட்டு நீ எங்க வேணா போ. ஒரு நாள் துணி லேட்டானா ஆஸ்பத்திரிக்காரன் வேற இடம் பாத்துக்குவான். அப்புறம் எல்லாரும் சேர்ந்து பட்டினி கிடக்கலாம்."

ஆளை வைப்பதாம். ஆளுக்கு எங்கே போவது? இருந்தவர்களே ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அன்றைக்கு மெஷின் ஐந்து, ஆள் நான்கு.

அந்த லாண்டரிச் சுவரில் ஒரு பலகை உண்டு. மெஷினுக்கு ஒரு கொக்கி. ஆளுக்கு ஒரு தகர டோக்கன், அதில் பெயர். யாருடைய டோக்கன் எந்தக் கொக்கியில் தொங்குகிறதோ, அவர் அங்கே. முதலாளி நினைத்த நேரத்தில் வந்து பலகையைத்தான் பார்ப்பார், ஆட்களை அல்ல. ஒரு மெஷினின் கொக்கி காலியாக இருந்தால் தொலைந்தது.

நம்முடையவர் கணக்குப் படித்தவர். வேலை அதிகம், ஆள் குறைவு என்றால், இல்லாத ஆள் ஒருவரைச் சேர்த்துக் கணக்கை நேர் பண்ணு, அவர் பங்குக்கு விழும் வேலை அன்றைக்கு நடக்காது, அவ்வளவுதான் என்று எப்போதோ வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மேஜைக்குள் பேரெழுதாத டோக்கன் ஒன்று கிடந்தது. எடுத்து ரோலர் கொக்கியில் மாட்டினார். ரோலர் என்றால் ஈர விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போடுகிற மெஷின்.

உலர்த்தும் மெஷினில் நிற்கும் நெட்டை எட்டிப் பார்த்தான். "யாரு சார் புது ஆளு?"

"இல்லாத ஆளு."

"சம்பளம் உண்டா சார்?"

"உன் சம்பளத்துல பாதி."

சிரித்தார்கள். ரோலர் வேலையை நடுராத்திரிக்கு மேல் தானே செய்துகொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். உலர்த்தும் பக்கம் வேலை தேங்கியது, அங்கே போய்க் கை கொடுத்தார்.

அப்போது கேட்டது... ம்ம்ம்ம்ம் என்று ரோலர் சுற்றுகிற சத்தம். நடுநடுவே, ஈரத் துணி உருளையில் பட்டால் ஒரு சத்தம் வருமே... சுர்ர்க்... சுர்ர்க்... கொஞ்சம்கூட இடைவெளி மாறாமல்.

ஓடிப் போய்ப் பார்த்தால் ரோலர் நின்றிருந்தது. விரிப்புகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தொட்டார். சுட்டது. முகர்ந்தார். இஸ்திரி போட்ட துணிக்கு ஒரு வாசனை உண்டு, பிளீச்சிங் பவுடரும் ஆவியும் கலந்தது. இதில் அது இல்லை... எந்த வாசனையும் இல்லை.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? டோக்கனைக் கழற்றி அந்தச் சாக்கடையில் வீசியிருக்க வேண்டும். நீங்கள் இங்கே வயிறு நிறையச் சாப்பிட்டு உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லலாம். அவருக்கு வண்டி கிளம்ப வேண்டும். மறுநாளும் அதே கொக்கியில் மாட்டினார். அதற்கு மறுநாளும்.

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ரோலர் பக்கம் யாரும் திரும்புவதும் இல்லை. விரிப்புகளை மடிக்கிற பெண்மணி, மடிப்பு அக்கா என்பார்கள், அவர் மட்டும் ஒரு நாள் வந்து மெதுவாகச் சொன்னார்.

"சார், வேலை முடிஞ்சும் அது போக மாட்டேங்குது."

"எது?"

"அங்கயே நிக்குது சார். எங்க போறதுன்னு தெரியாத மாதிரி."

அவர் அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். அவருக்கு மனசெல்லாம் வீட்டில். மாலையில் மனைவிக்கு இடுப்பு லேசாக வலிக்க ஆரம்பித்திருந்தது.

அந்தப் பலகையில் இன்னொரு கொக்கியைப் பற்றி நான் சொல்லவில்லை அல்லவா? கடைசிக் கொக்கி. அதன் மேல் 'வீடு' என்று எழுதியிருக்கும். ஏதாவது மெஷின் படுத்துவிட்டால் ஒரு ஆள் மிஞ்சுவார். அவர் டோக்கன் அங்கே போகும். அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும், அன்றைக்குக் கூலி கிடையாது.

அன்று ராத்திரி துவைக்கும் மெஷின் ஒன்று படுத்துவிட்டது. மெஷின் நான்கு, டோக்கன் ஐந்து. ஐந்து டோக்கன் பார்த்துப் பழகிய முதலாளி ஒன்று குறைந்தாலும் கேட்பார். எல்லோரும் பலகை முன்னால் வந்து நின்றார்கள். நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரை அனுப்பினாலும் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும்.

டூட்டி சாருக்குத் தாங்கவில்லை. நல்ல மனிதர், அதுதான் வினை. ரோலரிலிருந்த பேரெழுதாத டோக்கனை எடுத்து 'வீடு' கொக்கியில் மாட்டினார். ரோலருக்கு நெட்டையைப் போட்டார். யாருக்கும் கூலி போகவில்லை.

மடிப்பு அக்கா முகம் வெளுத்துவிட்டது. "சார்... அதுக்கு ஏது சார் வீடு?"

"இல்லாத ஆளுக்கு இல்லாத வீடு. போங்க, போய் வேலையைப் பாருங்க."

காற்றே இல்லை. அந்த டோக்கன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது... டிக்... டிக்... என்று பலகையில் இடித்து. பிறகு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, வலி எப்படி இருக்கிறதோ என்று வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி எடுத்தாள். ரகசியம் பேசுகிற குரல். அதில் இத்தனை நாளாக இல்லாத ஒரு நிம்மதி.

"யாருங்க இந்த நேரத்துல? சத்தமா பேசாதீங்க. அவர் இப்பதான் வந்து படுத்தார்."

வண்டியாவது, முதலாளியாவது! சைக்கிளை எடுத்து மிதித்தார். மூச்சு நெஞ்சில் குத்தியது. கடவுளே கடவுளே என்று வாய் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, வயிற்றில் இருப்பதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. வேறு நினைப்பே இல்லை.

கதவைத் தட்டினார். சங்கிலி போட்டபடி கொஞ்சமாகத் திறந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். விளக்கு வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது.

"நான்தாம்மா... கதவைத் திற."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு நீங்க?"

"என்னைத் தெரியலையா? நான்... நான்தான்."

"நான்னா? பேரைச் சொல்லுங்க."

வாயைத் திறந்தார். பேர்... பேர் நாக்குவரைகூட வரவில்லை. மனசுக்குள் துழாவித் துழாவித் தேடினார். இருந்த இடமே துடைத்துவிட்டது போல இருந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "யாரும்மா அது?" என்று ஒரு குரல். அது அவருடைய குரல்.

"தெரியலைங்க. பாவம், யாரோ வீடு தெரியாம வந்துட்டார்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்...

அவ்வளவுதான். பயப்படாதீர்கள், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுகப்பிரசவம், ஆண் குழந்தை. போன மாதம் சிநேகிதனோடு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைதான் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இத்தனையும் சொன்னார். ரொம்பத் தன்மையான மனிதர். பெண்டாட்டி மேல் உயிர். ராத்திரி வேலையெல்லாம் விட்டுவிட்டாராம்.

கேட்கக் கூடாதுதான். என் வாய் சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன். "அப்புறம்... வெளியே நின்னவர் என்ன ஆனார்?"

குழந்தை லேசாகச் சிணுங்கியது. அதைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"விடியற வரைக்கும் தட்டினார். அதுக்கு மேல எனக்கே மனசு கேக்கல. பாவம், எங்க போவார்? நான்தான் கூட்டிட்டுப் போய் ரோலர்ல போட்டுவிட்டேன்."