சஹனில் மூன்று செக்கன்

– கைபோன உள்ளுக்க வை மகள். அந்தக் காட்டூனப் பாக்கத் தேவையில்ல. நேத்து மட்டும் பதினேழு பேர் எனக்கே அனுப்பியிருக்கானுகள்.

– அதக் காட்ட நான் வரல்ல சாச்சா. தங்கச்சிட கலியாணத்துக்கு நீங்க வரமாட்டீங்க எண்டு கேள்விப்பட்டு உம்மா விடிஞ்சதுல இருந்து அழுதுக்கிட்டு இருக்கா.

– வரமாட்டன் எண்டு ஆர் சொன்ன? உன்ட வாப்பா, என்ட காக்கா, மௌத்தாகின பொறகு அந்தப் புள்ளைக்குப் பொறுப்பான வலி நான்தானே. ஞாயிற்றுக்கிழம பள்ளிக்கு வருவன், மாப்புளைட கையப் புடிச்சி நிகாஹ் செஞ்சி குடுப்பன், வீட்ட வந்திருவன். சாப்பிடச் சஹன்ல குந்தமாட்டன். அவ்வளவுதான்.

– பொண்ணுட வலி சஹன்ல இல்லாட்டி மாப்புள வீட்டாக்கள் என்ன நினைப்பாங்க?

– குந்தினா என்ன நினைப்பாங்க? அதச் சொல்லு. ஒரு சஹன் தட்டச் சுத்தி ஆறு பேர். நான் சோத்துல கைய வச்ச உடன மத்த அஞ்சு பேரும் என்ட கையத்தான் பாப்பானுகள். ஒருத்தன் போன எடுப்பான்.

– இந்தா புள்ள ஹிமாயா, தேத்தண்ணி. சீனி காணுமா எண்டு பாரு. உன்ட சாச்சா வீட்டுல மட்டும் என்ன ஒழுங்காத் தின்றாராம்? நேத்து மீனாணச் சட்டிய நடுவுல வச்சன். நீட்டின கையத் திருப்பி எடுத்துட்டார். இந்த வயசுல நான் ஊட்டியா விடுற?

– ஆசியா, நீ உள்ளுக்குப் போ.

– போறன். உண்மையச் சொன்னா உள்ளுக்குப் போகணும்.

– சாச்சி சொல்றது நெசமா?

– அவள விடு. நற்பிட்டிமுனைக்குப் பாண், பணிஸ் விக்க ஓட்டோவக் கொண்டு போறனே, அங்க நடக்கிறதக் கேள். பணிஸ நீட்டினா சின்னப் புள்ளைகள் கைய நீட்டுதுகள். தொடுறத்துக்குள்ள நிப்பாட்டுதுகள். கண்ண இஞ்சால உருட்டி, அங்கால உருட்டி, கையத் திருப்பி எடுத்துச் சிரிக்குதுகள். தாய்மாரும் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நிக்காங்க.

– அதுகளுக்கு அது நீங்க எண்டு தெரியாது சாச்சா. காட்டூன் எண்டுதான்...

– தெரியும். சம்மாந்துறையில ஆரோ ஒருத்தன் உன்ட கலியாண வீடியோவையும் காட்டூனையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி விட்டிருக்கான். அதே தொப்பி, கையில அதே பெரிய மணிக்கூடு. காட்டூன் எண்டா முயல், நரி எண்டு வரையிறதானே. என்ன ஏன் மகள் வரைஞ்ச?

– சின்னப் புள்ளைகளுக்குச் சாப்பாட்டு ஒழுங்கு சொல்லிக் குடுக்கிற படம் அது. தனக்கு முன்னால இரிக்கிறதச் சாப்பிடணும், அடுத்தவர்ட பக்கம் கை போடக் கூடாது. அதுக்குக் கை போடுற ஒரு ஆள் வேணும். சும்மா யோசிச்சி வரைஞ்சா கை மரக்கை மாதிரி வரும். என்ட கலியாண வீடியோவுல நீங்க சஹன்ல கை நீட்டுற இடம் ஒண்டு இருந்த. அத நிப்பாட்டி நிப்பாட்டி, அதுக்கு மேலயே கோடு இழுத்து வரைஞ்சன். ஒரு செக்கனுக்குப் பன்னெண்டு படம். கண்ண மட்டும் கொஞ்சம் பெருசாக்கினன்.

– எத்தின செக்கன்?

– மூணு.

– அப்ப முப்பத்தாறு தரம் என்ட மூஞ்சப் பாத்து வரைஞ்சிருக்காய்.

– ஓம் சாச்சா.

– ஒரு தரம் கூட, இது நம்மட சாச்சாவாச்சே எண்டு நினைப்பு வரல்லியா?

– வந்த. ஆனா கை அவ்வளவு உயிரா வந்திட்டு. விட மனசு வரல்ல.

– சரி. ஒழுங்கு சொல்ற படம் எப்புடி ஊர் சிரிக்கிற படமாகின?

– அதுதான் இதுட விசயமே சாச்சா. பாருங்க, முழுப்படம் ஆறு நிமிசம். ஆனா இந்த மூணு செக்கன்ல மட்டும் ஒருத்தரும் வாயத் திறக்கிறதில்ல. பேச்சு இல்லாட்டி எந்தப் பாசைக்காரனுக்கும் விளங்கும். கை போகுது, நிக்கிது, கண் ரெண்டு பக்கமும் ஓடுது, கை திரும்பி வந்து ஒரு சோத்துப் பருக்கையப் பொறுக்குது. தொடங்கின இடத்துலயே முடியிறதால அறுபடாம ஓடிக்கிட்டே இருக்கும். மேல என்னத்த எழுதினாலும் ஒட்டும். நோன்போட ஃபிரிட்ஜத் திறக்கக்குள்ள உம்மா கண்டா எண்டு ஒருத்தன் எழுதினான். சிங்களப் பொடியன்கள் கிரிக்கட்டுக்கு எழுதினாங்க. தமிழ்நாட்டுல ஒருத்தன் பரீட்சையில பாத்து எழுதுறதுக்கு எழுதினான். கண்டி, கொழும்பு, கட்டார் எண்டு...

– உன்ட கண் மின்னுது மகள்.

– இல்ல சாச்சா...

– மின்னுது. சொல்லச் சொல்ல நேரா குந்திட்டாய்.

– மாப் பண்ணுங்க.

– அந்த மூணு செக்கன மட்டும் வெட்டி எடுத்து முதல்ல விட்டவன் ஆரெண்டு கண்டுபுடிக்க ஏலாதா?

– கஷ்டம் சாச்சா. ஒருத்தன்ட்ட இருந்து ஒருத்தன் எடுக்க எடுக்கப் படம் மங்கிக்கிட்டு வரும், போட்டோக்கொப்பியத் திரும்பப் போட்டோக்கொப்பி அடிக்கிற மாதிரி. ஆகத் தெளிவா இரிக்கிறதுதான் முதல்ல வந்தது.

– மூலையில நீ படம் போடுற சனல்ட பேர் இரிக்குமே. அது எங்க?

– வெட்டினவங்க அழிச்சிருப்பாங்க. ஆனா தடம் இல்லாம அழிக்க ஏலாது. அந்த இடம் மட்டும் கண்ணாடியில ஈரக் கை பட்ட மாதிரி கலங்கித் தெரியும்.

– அப்ப போன எடு. ஆகத் தெளிவானதப் போடு.

– இப்பதானே பாக்கத் தேவையில்ல எண்டீங்க.

– இப்ப பாக்கணும். போடு. நிப்பாட்டு அதுல. பேர் இல்ல. சரி. ஆனா மூலை கலங்கவும் இல்லியே மகள்? சஹன்ட விளிம்புல இரிக்கிற பூ கூட வடிவாத் தெரியுது. இது பேர் போட முந்தின படம்.

– ம்.

– அது ஆர்ட்ட இருந்த?

– என்ட கொம்பியூட்டர்ல.

– வேற?

– வேற ஒருத்தர்ட்டயும் இல்ல.

– தேத்தண்ணி ஆறுது. குடி.

– நாப்பது நாள் வரைஞ்சன் சாச்சா. இருநூத்திப் பன்னெண்டு பேர்தான் பாத்தாங்க, அதுலயும் பாதி நானும் உம்மாவும். சிரிப்பு வாற இடம் இது ஒண்டுதான். அத மட்டும் வெட்டி, வேற பேர்ல நானே விட்டன். சிரிச்சவங்க முழுப்படத்தத் தேடி வருவாங்க எண்டு நினைச்சன். ஒருத்தரும் வரல்ல. அது உங்களத்தான் தேடி வந்திருக்கு. ஏசுங்க சாச்சா, ஏசாம இரிக்காதீங்க.

– ஏசி என்ன செய்ற? அத இனிக் கூப்பிட்டு வீட்டுக்குள்ள வைக்க ஏலுமா?

– ஏலாது. ஆனா ஞாயிற்றுக்கிழம உங்களுக்குப் பக்கத்துல என்ட மாப்புளையக் குந்தவைக்கன். ஒருத்தனும் போன் எடுக்காமப் பாத்துக்குவார். நான்தான் வெட்டின எண்டு மாப்புள வீட்டாக்களுக்கு முன்னால நானே சொல்றன். நீங்க வெக்கப்பட ஒண்டுமில்ல. ஒரு துண்டு எறச்சிக்குக் கை நீட்டினதுல என்ன இரிக்கி? ஆரும் நீட்டுவாங்க.

– நீயும் எறச்சிக்கு எண்டுதான் நினைச்சிருக்காய். முழு வீடியோவுல எனக்கு வலப்பக்கம் ஆர் குந்தியிருந்த?

– வாப்பா.

– அவர ஏன் வரையல்ல?

– கை பெருசாத் தெரியணும் எண்டு கிட்டக் கொண்டு வந்தன். வாப்பா வெளிய போயிட்டார்.

– உன்ட கலியாணத்துக்கு நாலு நாளைக்கு முந்தி அவர்ட வலக்கை விறைச்சிப் போன. எனக்கு மட்டும்தான் சொன்னார். வெளிய தெரிஞ்சா கலியாணத்தத் தள்ளி வைப்பாங்க எண்டு பயம்.

– எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல.

– சொல்லாத எண்டுதான் என்னட்ட வாக்குக் கேட்டார். சோத்த ஒரு மாதிரி அள்ளினார். எறச்சியப் பிய்க்க விரல்ல சத்தில்ல. சபையில இடக்கையால தொடவும் ஏலாது. அவருக்கு முன்னால கெடந்த துண்டப் பிய்ச்சிக் குடுப்பம் எண்டுதான் நான் நீட்டின.

– பொறகு ஏன் சாச்சா கையத் திருப்பி எடுத்தீங்க?

– உன்ட மாப்புள வீட்டாக்கள் பாத்தாங்க. அடுத்தவன்ட பக்கத்துல கை போடுறான், எறச்சிக்கு அலையிறான் எண்டு நினைப்பாங்களோ எண்டு எனக்கு வெக்கம். கண்ண இஞ்சால உருட்டினன், அங்கால உருட்டினன், கைய எடுத்திட்டன். நீ சரியாத்தான் வரைஞ்சிருக்காய். உன்ட கலியாணச் சஹன்ல உன்ட வாப்பா வெறுஞ்சோறுதான் திண்டார், மகள்.