முடிவு ஜெபம்

— நாளைக்கு முடிவு ஜெபம் நீயே பண்ணப் போறேன்னு குரூப்புல போட்டிருக்கியே எப்சி, அது எதுக்கு?

— எங்க வீட்டுக்காரவிய இறந்து நாளையோட ஒரு வருசம். நினைவுக் கூட்டம் என் வீட்டுல நடக்கு. நான் ஜெபம் பண்ணுனா உங்களுக்கு என்ன சாராக்கா?

— நீ ஒரு நாளும் சத்தம் போட்டு ஜெபம் பண்ணுனவ இல்லையே. முப்பது வருசமா பெண்கள் சங்கத்துல பாக்கேன். ஆமென் சொல்லவே உனக்கு உதடு பிரியாது.

— இப்பம் பிரியுது. உங்களைப் பாத்துப் படிச்சுக்கிட்டேன்.

— உள்ள வரட்டுமா?

— வாங்க. நாளைக்குன்னு வாடகைக்கு எடுத்த சேர் அங்கன அடுக்கிக் கெடக்கு. ஒண்ணை எடுத்துப் போட்டு உக்காருங்க.

— இந்தப் படி ஏறி ஒரு வருசம் ஆச்சு.

— நாளையோட சேத்தா ஒரு வருசமும் பதினோரு நாளும். அஞ்சாங்கிளாஸுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான், எனக்குத் தப்பாது. அடக்கத்துக்கு வந்தப்பகூட நீங்க கேட்டுக்கு வெளியதான் நின்னீங்க.

— நீ உள்ள கூப்பிடலியே.

— இப்பமும் கூப்பிடல. நீங்களா வந்திருக்கீங்க. வந்த விசயத்தைச் சொல்லுங்க.

— பூக்கடை கோமு சொன்னா. 'நாளைக்கு சாராக்கா மவ ரீபாவுக்கும் சேத்து ஜெபிக்கப் போறேன்'னு அவகிட்ட சொன்னியாமே.

— சொன்னேன். ஜெபிக்கக் கூடாதா?

— என்னன்னு ஜெபிக்கப் போற?

— 'ஆண்டவரே, சின்ன வயசுலருந்து வலிப்பு வந்து, இன்னைக்கு வரைக்கும் மாத்திரை முழுங்கிக்கிட்டு இருக்க இந்தப் பிள்ளைக்குப் பூரண சுகத்தைத் தாரும். வார வியாழக்கிழமை இவளைக் கெட்டப் போற சுஜினுக்குப் பொறுமையைத் தாரும்.' எழுதியே வச்சிருக்கேன். முழுசும் வாசிக்கட்டா?

— ஐயோ, பைய பேசு எப்சி. தெருவுல ஆளு நடக்கு.

— நடக்கட்டும். சுஜினோட அம்மா எங்க வீட்டுக்காரவியளுக்கு அத்தை மவ. நாளைக்கு இங்க முன் வரிசையில உக்காருவா. காலையில கோயில்ல மூணாவது கல்யாண ஓலை வாசிப்பாவ. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டான்னு சபை ஐயரு கேப்பாரு. ஒருத்தரும் எந்திக்க மாட்டாவ. சாயங்காலம் நான் எந்திப்பேன்.

— நான் ஐயருகிட்ட சொல்லுவேன்.

— சொல்லுங்க. கண்ணை மூடி ஜெபிக்கவளை எந்த ஐயரு உக்காரச் சொல்லியிருக்காரு? நம்ம சங்கத்துல ஊர்வம்பு பேசக் கூடாது. அதனாலதான எல்லாத்துக்கும் ஜெபக்குறிப்புன்னு பேரு வச்சிருக்கோம். டெனிஸ் குடிக்கான், அது ஒரு ஜெபக்குறிப்பு. ஸ்டெபி மாமியாரோட சண்டை போட்டா, அது ஒண்ணு. நீங்கதான செயலாளர், நோட்டுல பூரா உங்க கையெழுத்துதான் இருக்கு.

— ரீபாவுக்குக் கடைசியா வலிப்பு வந்து ஆறு வருசம் ஆச்சு. ஆண்டவர் சாட்சியா சொல்லுதேன். அன்னைக்கு அவ விழுந்தப்ப நீதான ஆட்டோ பிடிச்சு, மடியில போட்டு பாளையங்கோட்டைக்குக் கொண்டு போன. ஊருல வேற ஒருத்தருக்கும் தெரியாது. உன்னை நம்பி இருந்தேன்.

— நானும் உங்களை நம்பித்தான இருந்தேன்? 'அவியகிட்ட குடல்புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன் சாராக்கா, கேன்சருன்னு அவியளுக்குத் தெரியாது, மனசுக்குள்ள ஜெபிச்சுக்கிடுங்க'ன்னு சொன்னேன். மனசுக்குள்ளன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்ன.

— அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபத்துல, அவிய அந்தா அந்தச் சன்னல் பக்கம் இருக்கையில, என்ன ஜெபிச்சீங்க? இன்னொருக்கச் சொல்லுங்க.

— எப்சி, வேண்டாம்.

— சொல்லுங்க. அன்னைக்குக் கூசாத வாய் இன்னைக்குக் கூசுதா?

— 'அப்பாத்துரை அண்ணனுக்கு டாக்டர்மாரு மூணு மாசம்னு கெடு வச்சிருக்காவ ஆண்டவரே, நீர் ஆயுசைக் கூட்டித் தாரும்'னு... கண்ணை மூடிட்டேன்னா எதுக்க யாரு இருக்காவன்னு எனக்கு நெனப்பே இருக்காது எப்சி. உள்ள கெடக்கதெல்லாம் வந்துருது. அது என் பெலவீனம்.

— இருபத்திரெண்டு பேரும் கண்ணைத் தொறந்துட்டாவ. அவிய மட்டும் தொறக்கல. ஜெபம் முடியுற வரைக்கும் கையைக் கூப்பிக்கிட்டு அப்படியே இருந்தாவ.

— பாத்தேன்.

— மூணு மாசம்னு சொன்ன மனுசன் பதினோராம் நாள் போய்ட்டாவ. அந்தப் பதினோரு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போனாவ. முப்பத்திநாலு வருசம் கூட வாழ்ந்தவகிட்ட ஒரு வார்த்தை இல்ல. இது யாரால சாராக்கா?

— என்னாலதான். நான் இல்லைன்னு சொல்லலியே. செயலாளர் பொறுப்பை இன்னைக்கே விட்டுருதேன். நாளைக்கு என் பேரைச் சொல்லி, இவ வாயை அடக்காதவன்னு ஜெபி. நானே ஆமென் சொல்லுதேன். அந்தப் பிள்ளை உனக்கு என்ன செஞ்சா?

— நான் பொய்யா சொல்லப் போறேன்? உள்ளதைத்தான சொல்லப் போறேன்.

— உள்ளதுதான். நானும் அன்னைக்கு உள்ளதைத்தான் சொன்னேன்.

— சாமர்த்தியமா பேசாதீங்க.

— சாமர்த்தியம் இருந்தா இந்த நெலமை வருமா? ஐயரு நாவைப் பத்திப் பிரசங்கம் பண்ணுனா, முன்னெல்லாம் பக்கத்துல இருக்கவ மூஞ்சியைப் பாப்பேன். இவளுக்குத்தான் சொல்லுதாருன்னு நெனப்பேன். கேக்கவங்களுக்கு நல்லது வாரதா இருந்தாத்தான் வாயைத் தொறக்கணும்னு ஓய்வுநாள் பள்ளியில நானே சொல்லிக் குடுத்திருக்கேன். பொய் சொல்லாம இருந்தாப் போதும்னு இருந்துட்டேன். போதாது எப்சி.

— அதை அந்தச் செவ்வாய்க்கிழமை நெனச்சிருக்கணும்.

— அம்மா, வீட்டைத் தொறந்து போட்டுட்டு இங்கனயா இருக்க? ஸ்தோத்திரம் சித்தி.

— நீ ஏம்ட்டி வந்த ரீபா? வீட்டுக்குப் போ.

— ஆஸ்பத்திரியில டூட்டி முடிஞ்சு பஸ்ஸைவிட்டு இறங்குனதும் கோமக்கா பிடிச்சுக்கிட்டா. அவகிட்ட ஒண்ணு சொன்னா அது பூவோட சேந்து எல்லா வீட்டுக்கும் போயிரும். சித்திக்கு இது தெரியாதா?

— தெரிஞ்சுதான் சொன்னேன்.

— அப்பம் நாளைக்கும் சொல்லுங்க சித்தி. சுஜினுக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே மாத்திரை அட்டையை அவரு கையில குடுத்துட்டேன். அவிய அம்மாகிட்ட அவரே சொல்லிட்டாரு.

— என்னட்டி சொல்லுத? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!

— உங்கிட்ட சொன்னா நீ அதுக்கொரு ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பியேம்மா.

— மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சாச்சு, சரி. ஊருக்குத் தெரியாதுல்லா?

— தெரியாது சித்தி. வார்டுல நான் ஊசி போடுதவியளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊசிக்குக் கையை நீட்டும்போது என் கை நடுங்குதான்னு பாப்பாவ. பாப்பாவன்னு இல்ல, கையை இழுத்துக்கிடுவாவ. வேண்டாம்னுதான் எனக்கு இருக்கு. வேண்டாம்னு சொன்னா விட்டுருவீங்களா?

— உங்க அம்மா விட்டாளா? இந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்கு என்ன தெரியும்?

— சித்தப்பாவுக்கு டிரிப்ஸ் போட அந்தப் பதினோரு நாளும் வந்தது நாந்தான சித்தி.

— அதுக்கென்ன?

— காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க வந்தேன்.

— அதுக்கென்னன்னு கேக்கேன்.

— ஒண்ணுமில்ல. வந்தேன்னு சொன்னேன்.

— ஏட்டி, நீ என்ன பாத்த? அண்ணன் உங்கிட்ட எதும் சொன்னாவளா?

— விடும்மா.

— எப்படி விட? ஆண்டவர் சாட்சியா கேக்கேன், சொல்லு. பேசாமப் போனாவ, சாராதான் வாயை அடைச்சான்னு ஊரே சொல்லுது. ஒரு வருசமா அதைச் சுமந்துக்கிட்டுத் திரியுதேன்.

— தெரியும். பின்கட்டுல குழாயைத் தொறந்து விட்டுட்டு நீ அழுததும் தெரியும். எத்தனையோ நாள் சொல்லிருவோமான்னு வாய் வரைக்கும் வந்துருக்கு. ஆனா அதைச் சொல்ல வேண்டியவ நான் இல்லம்மா.

— ரீபா.

— என்ன சித்தி?

— ஒருத்தர்கிட்டயும் சொல்லலியா நீ?

— இல்ல.

— சுஜின்கிட்ட?

— அவருகிட்ட எதுக்கு? என்னைப் பத்தினதைச் சொன்னேன். உங்களைப் பத்தினது என்னோடது இல்லையே.

— நாளைக்கு நான் எந்திச்சு, எல்லாரும் கேக்க உன் விசயத்தைச் சொல்லியிருந்தா?

— அப்பமும் சொல்லியிருக்க மாட்டேன். எந்திம்மா, போவோம். சித்திக்கு வேலை நெறையக் கெடக்கு.

— நில்லுங்க. ரெண்டு பேரும் நில்லுங்க.

— எப்சி, நீ முதல்ல உக்காரு. ரீபா, அந்தத் தண்ணியை எடு.

— தண்ணி வேண்டாம். குறுக்க பேசாதீங்க சாராக்கா, நின்னா மறுபடி எனக்கு வராது. குடல்புண்ணுதான்னு அவிய கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணியிருந்தேன். ஒருக்க இல்ல, கேட்டப்ப எல்லாம் பண்ணுனேன். நீங்க எல்லாரும் எந்திச்சுப் போன பொறவு அந்த மூஞ்சியை எப்படிப் பாக்க? அடுப்படிக்குள்ள போய்ட்டேன். கஞ்சியை இவ கையில குடுத்து விட்டேன். அவிய தூங்குன பொறவுதான் போய்க் கால்மாட்டுல படுப்பேன். முழிக்க முன்னாடி எந்திச்சு வந்துருவேன்.

— அப்பம் அண்ணன் கோவத்துல பேசாம இருந்தாவங்கது...

— அவிய பேசாம இருக்கல சாராக்கா. பதினோரு நாளும் 'எப்சி, இங்கன வந்து உக்காரு'ன்னு கூப்பிட்டுக்கிட்டேதான் கெடந்தாவ. நாந்தான் ஏன்னு கேக்கல.