ஒன்பது வார ரகசியப் படை

எனக்குக் கோபமே வராது. வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இருபத்தாறு வாரம் ஓட வேண்டிய தொடர் ஒன்பதாவது வாரத்தில் ஏன் நின்றது என்று விசாரிக்கச் சேனலிலிருந்து வந்திருக்கிறீர்கள். எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தொடரில் ஐந்து பேர் கொண்ட ரகசியப் படை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அரசாங்கம் சாதிக்கும். அன்றைய காட்சியை அன்று காலையில்தான் தருவேன். அது என் வழக்கம். நடிகர்கள் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டே படிப்பார்கள். தாம் செத்துவிட்ட செய்தி பாதி மேக்கப்பில்தான் தெரியவரும்.

வெடிகுண்டு நிபுணராக நடித்தவர், என் வசனம் வாயில் நுழையவில்லை என்றார். மறுநாள் காட்சியில் வெடித்த பாலத்தோடு போனார். மாறுவேடம் போடுகிறவளாக நடித்த அம்மையார், நான் கதை சொல்லும்போது கொட்டாவி விட்டார். பாவம், தூக்கம் போதவில்லை போலும் என்று விஷம் வைத்து நிரந்தரமாகத் தூங்கவைத்தேன். இன்னும் இருவர் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். இருவரையும் ஒரே ஹெலிகாப்டரில் ஏற்றினேன். சொந்தப் பகை எதுவுமில்லை. கதை கேட்டது, கொடுத்தேன்.

மிச்சம் இருந்தவர் படைத்தலைவர். என் தங்கை கணவர். இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தவர்; நான்தான் சேர்த்துவிட்டேன். ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது மகளிடம் சொன்னார்: "உங்க மாமா எழுத்துக்கா பாக்குறாங்க? அப்பா மூஞ்சிக்குத்தாம்மா ஓடுது."

நானும் சிரித்தேன். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தங்கை சிரிக்கவில்லை. கூடப் பிறந்தவள் அல்லவா, பாம்பின் கால் பாம்பறியும். மறுநாளே போன் செய்தாள்.

"அண்ணா, அவரைக் கொன்னுடாதே. இருந்த வேலையையும் விட்டுட்டாரு. இதுவும் போச்சுன்னா நாங்க நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"சேச்சே, மாப்பிள்ளைய என் கையால கொல்லுவேனா?"

கொல்லவில்லை. குண்டடி பட்டு நினைவில்லாமல் கிடக்கிறார் என்று எழுதினேன். முகம் முழுக்கக் கட்டு. மூக்குக்கு மட்டும் ஓட்டை. யார் படுத்தாலும் ஒன்றுதான் என்பதால், அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு லைட் தூக்குகிறவரைப் படுக்கவைத்தார்கள். மூன்று வாரம் எங்கள் ரகசியப் படை கட்டிலில் படுத்தபடியே நாட்டைக் காப்பாற்றியது. பார்த்தவர்கள் வேறு சேனலுக்கு மாறினார்கள். நீங்கள் தொடரை நிறுத்தினீர்கள். நாற்பது பேருக்கு வேலை போயிற்று, மாப்பிள்ளையையும் சேர்த்து.

ஆமாம், தொடரைக் கொன்றது நான்தான். ஆனால் தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். கதைப்படி மாப்பிள்ளை இன்றும் உயிரோடுதான் இருக்கிறார்.

அவள் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அடுத்து ஒரு குடும்பத் தொடர் எழுதுகிறேன். அண்ணனோடு பேசாத தங்கை ஒருத்தி அதில் வருகிறாள். முதல் வாரம் மட்டும்.