நோயில்லாதவன் மூச்சு

அந்தச் சென்சார் பிளாஸ்திரியை உரிப்பதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது, ஐயா. வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துக் கொஞ்ச நேரம் விட வேண்டும். என் அண்ணன் கண்ணுசாமிக்கு எட்டு வாரமாக நான்தான் உரித்து ஒட்டினேன். ஒரு நாள் கூட அவன் முகம் சுளித்ததில்லை. இந்தச் சாமித்துரைக்கு அவ்வளவு மெத்தென்ற கை என்று மதினி சந்தனமாரியே சொல்வாள்.

ஆடியில் நெஞ்சுச்சளி முற்றி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் மெஷின் மூச்சில் கிடந்தான். பிழைத்துப் பசுவந்தனைக்கு வந்தபோது மூச்சு இழுக்கிற தசையெல்லாம் நைந்து போயிருந்தது. கழுத்தில் ஒன்று, விலாவுக்குக் கீழே இரண்டு என்று டாக்டர் ஒட்டிக் கொடுத்தார். ஊசி இல்லை, குழாய் இல்லை. ஒரு மூச்சுக்கு அந்தத் தசை எவ்வளவு பாடுபடுகிறது என்பதைத் தோலுக்கு வெளியே இருந்தே அளந்து, ஒரு எண்ணாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அறுபதைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

முதல் நாள் ஐம்பத்தைந்து. பிறகு நாற்பது. போன வாரம் முப்பது. கார்த்திகையில் காட்டு வேலைக்கே நடந்து போவார் என்றார் டாக்டர். மதினி அழுதேவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் என்ன விதைப்பது என்பதை எப்போதும் அண்ணன்தான் சொல்வான். எனக்கு நாற்பத்தாறு வயது. இந்தப் புரட்டாசியில்தான் முதல்முறையாக நானே யோசித்து உளுந்து போட்டேன். மழையும் வாகாகப் பெய்தது. கணுக்கால் உயரத்துக்குப் பயிர் நின்றதைப் போனில் படம் பிடித்து அவனிடம் காட்டினேன்.

"அழிச்சு உழுதுட்டு மக்காச்சோளம் போடுலே," என்றான். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். எண் இருபத்தெட்டு.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை, ஐயா. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் மதினி மாத்திரை வாங்கக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். பிளாஸ்திரி மூன்றையும் எண்ணெய் தொட்டு உரித்து, துடைத்து, என் கழுத்திலும் விலாவிலும் ஒட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மண்ணாசையில் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு, அவர்கள் நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவோம். உளுந்துக் காட்டிலிருந்து ஒரு கட்டி கரிசல் முதல் நாளே எடுத்து வைத்திருந்தேன். அதைச் செம்பில் கரைத்தேன்.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததுமே அண்ணனுக்கு விளங்கிவிட்டது.

"ஏலே தொரை, நான் ஒண்ணும் சாகக் கெடக்கலலே. எனக்குச் சரியாயிட்டு வருதுலே."

மண்ணாசை உள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தலையணையை உருவிவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதிச் செம்பு ஆனபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் எண்ணைக் கவனிக்கிற அல்ஃபியா.

"அண்ணாச்சி, இன்னைக்கு நம்பர் ரொம்ப நல்லா இருக்கு. அண்ணன் தூங்குதாங்களா?"

ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டே, "அசந்து தூங்குதான் தாயி," என்றேன். மீதியையும் ஊற்றினேன்.

எல்லாம் அடங்கிய பிறகு பிளாஸ்திரிகளைப் பழைய இடத்திலேயே ஒட்டினேன். கண்டுபிடித்தது டாக்டர்தான். அண்ணனுக்கு ஒரு நாளும் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்காத எண், கடைசி இருபத்திரண்டு நிமிஷம் ஆறிலேயே நின்றிருக்கிறது. ஆறு என்பது நோயில்லாதவன் மூச்சு என்றாராம்.

ஆமாம், அது என் மூச்சுதான். ஊற்றியதும் நான்தான். ஆனால் டாக்டர் ஸ்டேஷனுக்குக் கொடுத்தனுப்பிய அந்த எண் தாளை நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும், ஐயா. ஆறு, ஆறு, ஆறு. ஒரு தடவை ஏழுக்குக் கூட ஏறவில்லை. கொலை செய்கிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. நான் அண்ணனைக் கொல்லவில்லை என்பதற்கு அந்த மெஷினே சாட்சி.