முத்திரை விழாத பாட்டுகள்

பம்பாயில் நல்ல காபிப்பொடி வேண்டுமென்றால் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குத்தான் போகவேண்டும். சிக்கரி சேர்க்காமல் கண்முன்னே அரைத்துத் தருவார்கள். வேங்கடசுப்ரமணியன் சாருக்கும் நான்தான் வாங்கி வருவேன். அந்தக் காபி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

அவர் கீர்த்தனை ஒன்றாவது இல்லாமல் இன்று கச்சேரி நிறையாது. நான் வங்கியில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன், அவருக்குக் கீழ்வீடு. மேடை ஏறியதில்லை, ஆசை மட்டும் உண்டு. அவருக்குத் தோன்றுவதை ஃபோனில் பாடிப் பதிந்து அனுப்புவார், நான் ஸ்வரப்படுத்தி எழுதித் தருவேன்.

ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனபோது சில பாட்டுகள் பல்லவியோடு நின்றிருந்தன. பாட்டைக் கட்டியவர் தன் முத்திரைப் பெயரைச் சரணத்தில்தான் வைப்பது வழக்கம். அவருடையது வடமலைதாசன். மனசுக்குப் பிடித்த பாட்டுக்குத்தான் சரணம் கட்டி முத்திரை வைப்பார், பிடிக்காததை அப்படியே போட்டுவிடுவார். அது எனக்குத் தெரியும். ஆனால் யானை படுத்தாலும் குதிரை மட்டம். அவர் தள்ளிப்போட்டதே மற்றவர்கள் கட்டியதைவிட உசத்தி.

சரணங்களை நான் கட்டினேன். முத்திரையையும் வைத்தேன். அப்பா முன்பே முடித்துக் கொடுத்தது என்று அவர் மகள் ராஜலக்ஷ்மியிடம் சொன்னேன். அவள் அழுதாள். ஒரு சபாவில் பாட ஏற்பாடு செய்தாள், அவரையும் சக்கர நாற்காலியில் அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்குமுன் வந்ததில்லை.

இடையில் வாஷியிலிருந்து ஸ்மிதா என்றொரு பெண் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தாள். பேச வராதவர்களுக்குச் சில சமயம் பாட வருமாம். ஒவ்வொரு சொல்லாகப் பாடவைத்தாள்.

ஒரு மத்தியானம் நானும் அவரும் மட்டும் இருந்தபோது என் சரணத்தைப் பாடிக் காட்டினேன். முத்திரை வந்த இடத்தில் இடது கையை உயர்த்தினார். பிறகு பாடினார், சஹானாவில், சுருதி பிசகாமல்: "வேண்டாம்."

மறுநாள் ஸ்மிதாவுக்கு ஃபோன் செய்து, குடும்பமே பாலக்காடு போகிறது, இனி வரவேண்டாம் என்றேன். ஸ்மிதா கைவிட்டுவிட்டாள் என்று ராஜலக்ஷ்மியிடம் சொன்னேன். அவரோ தனியாகவே பாடிப் பழகிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அப்பா 'வேண்டாம்'னு பாடறா. எது வேண்டாம்ங்கறா?" என்று ராஜலக்ஷ்மி கேட்டாள்.

"மாவு கரைச்ச காபியை யார் குடிப்பா, ராஜம்?"

அவள் சிரித்துவிட்டாள். தண்ணீரோ காபியோ, ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் அவருக்குக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பது டாக்டர் உத்தரவு. அவளுக்குப் பதில் சொன்னபோதுதான் எனக்கே அந்த யோசனை வந்தது.

கச்சேரி அன்று காலை அவள் பூ வாங்கப் போனாள். மறக்காமல் மாவு கலக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் புது டிகாக்‌ஷனில் நுரை பொங்கக் காபி ஆற்றிக் கொடுத்தேன், மாவு இல்லாமல். வாசனைக்கே வாயைத் திறந்தார். ஆசையாகத்தான் குடித்தார். இருமல் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படக்கூடாதே என்று சுருதிப் பெட்டியின் ஒலியைக் கூட்டினேன். அடங்கும்வரை அவர் கையைப் பிடித்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

கச்சேரி அடுத்த மாதம் அஞ்சலியாக நடந்தது. முத்திரை வந்த இடத்தில் சபையே அழுதது. அங்கே வந்திருந்த ஸ்மிதா, பாலக்காட்டுப் பயணம் எப்படி இருந்தது என்று ராஜலக்ஷ்மியிடம் விசாரித்தாளாம். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். அந்த "வேண்டாம்" இருக்கிறதே, பல்லவிக்கு அருமையான எடுப்பு. அதையும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அனுபல்லவி எனக்கு வந்துவிட்டது. கொஞ்சம் காகிதம் கொடுத்தால் சரணத்தையும் முடித்து, அவர் முத்திரையை வைத்துவிடுவேன்.